காற்று ஒரு வராக்கடன்!

குட்டி எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்களுக்கு அடுத்ததாக ஓர் ஆசை வருகிறது. அதன் தலையில் ரெண்டு சைக்கிளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகணுமாம்! வேலூரில் பேங்க் வேலை பார்க்கும் என் நண்பருக்கும் வந்தது. ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வு மையம் இருக்கிற பக்கம், காலைக் குளிரில் சைக்கிள் மிதிக்க வேண்டும். "ஏம்ப்பா, நீ பி.காம்.தானே... கணக்குப் போட்டுச் சொல்லு. போனா திரும்பி வந்துடுவோமா?"

நியாயமான பயம்தான். பெட்ரோல் தீர்ந்தால் கேனில் வாங்கி ஊற்றலாம். கரண்ட்டைக் கேனில் பிடிக்க முடியாதே!

2023-ல் வந்த எம்.ஜி. காமெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 3 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. (காவலூர் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடியே 2.34 மீட்டர் அகலம்!) பேட்டரியில் சுமார் 17 யூனிட் பிடிக்கும், ஈ.பி. பில்லில் வருகிற அதே யூனிட்தான். முழு சார்ஜுக்கு 230 கிலோமீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு. வேலூரிலிருந்து காவலூர் போய்வர இருநூறு பக்கம் ஆகிவிடும். கையிருப்பு, மாசக் கடைசிப் பர்ஸ் மாதிரிதான்.

"ஏத்தத்துல சார்ஜை உறிஞ்சிடும் சார்!" என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். கணக்கைப் பாருங்கள். கார், ரெண்டு ஆள், ரெண்டு சைக்கிள், எல்லாம் சேர்த்து ஒரு டன். காவலூர் சுமார் 725 மீட்டர் உயரம். கடல் மட்டத்திலிருந்தே தூக்கினாலும் அதற்கு 2 யூனிட்தான் தேவை. அதுவும் முழுச் செலவு இல்லை, டெபாசிட்! இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

நிஜமான ஊதாரி, காற்று. வேகம் ரெண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. கூரைமேல் ரெண்டு சைக்கிளை நிறுத்திக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் 80-ல் பறந்தால், காற்று பிடுங்குவதில் ஒரு பைசா திரும்பாது. எங்கள் பாஷையில், வராக்கடன்!

அதனால் சைக்கிளை உள்ளே வைப்பதே உத்தமம். முன் சக்கரத்தைக் கழற்றி, பின் சீட்டை மடக்கிப் படுக்க வையுங்கள். இடம் போதாவிட்டால் மடக்கு சைக்கிள். இல்லையென்றால் பின்கதவில் மாட்டும் ரேக். கதவு தாங்குமா என்று கார் கையேட்டைப் பார்த்த பிறகு. நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறைந்தால் போலீஸ்காரர் கை காட்டுவார்.

நண்பரின் மனைவி இதைவிட சுலபமாக முடித்தார். "எனக்கு எதுக்கு சைக்கிள்? நீங்க மிதிங்க, நான் கார்ல பின்னாடியே வர்றேன்!" பாதி சுமை குறைந்தது.

இன்னும் ரெண்டே விஷயம். நெடுஞ்சாலையில் 60-ஐத் தாண்டாதீர்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். தங்கும் இடத்தில் எர்த் உள்ள 15 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதா என்று கிளம்புமுன்பே போனில் கேளுங்கள். ராத்திரி செருகினால் காலைக்குள் நிறைந்துவிடும். கரண்ட் காசைக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் மலைமேல் விளிம்புவரை நிரப்பாதீர்கள். பர்ஸ் முழுசா நிறைஞ்சிருந்தா, இறங்கும்போது மலை திருப்பிக் கொடுக்கிற டெபாசிட்டை எங்கே வைப்பீங்க?