ரயிலுக்கு வாரிசு யார்?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீட்டுக்குள்ளே குட்டி ரயில் ஓட்டும் கனவான்களிடம் ரொம்ப நாளாக ஒரு ஜோக் உண்டு. ‘‘சாவதற்கு நான் பயப்படவில்லை. என்ன விலைக்கு வாங்கினேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேனோ, நான் போனப்புறம் அதே விலைக்கு அவள் விற்றுத் தொலைப்பாளே, அதுதான் பயம்!’’

கல்யாணமான வாசகர்கள் இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, தங்கள் செல்போன், ஷூ, கேமரா ஆகியவற்றின் அசல் விலையையும் வீட்டில் அறிவித்த விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்தாச்சா? மேலே போவோம்.

குட்டி ரயிலைப் ‘பொம்மை’ என்றால் அவர்களுக்குக் கோபம் வரும். ‘மாடல்’ என்று சொல்ல வேண்டும். அதிகம் புழங்குகிற ஹெச்.ஓ. என்ற அளவில், நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகக் குறுக்கிவிடுகிறார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பதினாறரை மில்லிமீட்டர்தான். ஆனால் அது ஓடுவதற்கு மலை வேண்டும், பாலம் வேண்டும், ஸ்டேஷன் வேண்டும், ஸ்டேஷன் வாசலில் தூங்கும் நாய் வேண்டும். இப்படியே வளர்ந்து வீட்டின் அடித்தளம் முழுக்க ஒரு ஜில்லாவே உருவாகிவிடும். சாப்பிடக் கூப்பிட்டால் மலைக்கு அடியிலிருந்து ‘‘இதோ வந்துட்டேன்’’ என்று குரல் மட்டும் வரும்.

வட்டமாகச் சுற்றுகிற ரயிலுக்குக் கடைசி ஸ்டேஷன் கிடையாது. ஓட்டுகிறவருக்கு உண்டு. சிக்கல் அங்கேதான்.

இந்த உலகத்தின் சூப்பர் ஸ்டார் என்றால் ஜான் ஆலன். கலிபோர்னியாவில், மான்ட்டெரே என்ற ஊர்க்காரர். தன் ரயில்வேக்கு அவர் வைத்த பெயரை உரக்கப் படித்தால், ‘ரத்தக்களறியாகத் தோற்றுப்போன’ என்று அர்த்தம் வரும். குசும்பு. பெட்டிகளை இழுக்க ஒரு டைனோசாரையே வேலைக்கு வைத்திருந்தார்! தரையிலிருந்து கூரை வரை மலைகளை எழுப்பி, அவர் எடுத்த போட்டோக்களைப் பார்த்து ஒரு தலைமுறையே இந்தப் பைத்தியம் பிடித்து அலைந்தது. 1973 ஜனவரி 6-ம் தேதி, 59 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த பத்தாவது நாள் வீட்டில் தீப்பிடித்தது. ஏறக்குறைய எல்லாமே சாம்பல்.

நம்மூர்க்காரர்களிடம் சொன்னால், ‘‘மனுஷன் பத்தாம் நாள் வந்து கையோட எடுத்துட்டுப் போயிட்டார்’’ என்பார்கள்.

தீப்பிடிக்காவிட்டாலும் பெரும்பாலான வீடுகளில் கதை சந்தோஷமாக முடிவதில்லை. பி.காம்.மில் ‘குட்வில்’ என்று ஒரு அயிட்டம் படித்திருப்பீர்கள். கடை ஓடும்வரை அதற்கு மதிப்பு. முதலாளி ஷட்டரை இறக்கினால் பூஜ்யம். வீட்டோடு வீடாகக் கட்டிய ரயில் ஜில்லாவும் அப்படித்தான். மரச்சட்டத்தில் ஸ்குரூ போட்டு, மேலே பிளாஸ்டர் பூசிய மலையை வாசல் வழியாக வெளியே கொண்டுவர ரம்பம்தான் வேண்டும். எஞ்சின், பெட்டிகளைத்தான் விற்க முடியும். அதிலும் வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டி பத்திரமாக இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. அந்த அட்டைப்பெட்டியைத்தான் குடும்பத்தார் முதலில் குப்பையில் போடுவார்கள்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் கை நடுங்க ஆரம்பிக்கும் முன்பே நோட்டுப் புத்தகம் போட்டுவிடுகிறார்கள். எது என்ன, எப்போது வாங்கியது, நிஜமாகவே என்ன விலை, எது பெட்டியோடு இருக்கிறது, எது யாருக்கு. முக்கியமாக, விற்பதென்றால் முதலில் யோசனை கேட்க வேண்டிய நண்பரின் போன் நம்பர். துக்கம் கேட்க வருகிற சாக்கில் ‘மொத்தமா எடுத்துக்கறேன்’ என்று பர்ஸைத் திறக்கும் ஆசாமியிடம் அவசரப்பட்டுக் கொடுக்காதே என்று ஒரு வரி.

சிலர் இருக்கும்போதே விற்றுவிடுகிறார்கள். பாடகர் நீல் யங் குட்டி ரயிலில் ஊறிய மனிதர். லயனல் என்ற புகழ்பெற்ற ரயில் கம்பெனியிலேயே பங்குதாரராக இருந்தவர். 2017 டிசம்பரில், 72 வயதில், சேகரிப்பில் ஒரு பகுதியை ஏலம் விட்டார். விலையும் தெரிந்தது, எடுத்தது யார் என்பதும் தெரிந்தது. செத்த பிறகு கிடைக்காத சௌகரியம்.

சிலருக்கு மியூசியம் கிடைக்கிறது. ஜான் அஹெர்ன் என்ற இங்கிலாந்துக்காரர் 1961-ல் காலமானார். அவர் கட்டிய மேடர் வேலி ரயில்வே, ஆக்ஸ்ஃபோர்ட்ஷரில் பெண்டன் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் எல்லார் வீட்டு ரயிலுக்கும் மியூசியத்தில் இடம் கிடைக்குமா? மியூசியம் தாங்காது.

எனக்குப் பிடித்த உதாரணம் நம் பக்கத்திலேயே, புனேயில் இருக்கிறது. பாவ்சாகேப் ஜோஷி என்பவர் சின்ன வயசு ரயில் ஆசையைக் கடைசிவரை விடவில்லை. கோத்ருடில் 1998 ஏப்ரல் 1-ம் தேதி குட்டி ரயில் மியூசியமே திறந்தார். (முட்டாள்கள் தினம் என்று யாராவது கிண்டல் செய்திருப்பார்கள்.) அவருக்குப் பிறகும் ரயில் நிற்கவில்லை, குடும்பம் ஓட்டியது. ஊர்க் குழந்தைகள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

ஏன் பிடிக்கும் என்றால், எங்கள் பெரியப்பா அப்படிச் செய்யவில்லை.

அவரிடம் இருந்தது ரயில் அல்ல, ஸ்டாம்ப். மூன்று தடி ஆல்பம். நாற்பது வருஷச் சேகரிப்பு. லீவுக்குப் போனால் கண்ணாடி பீரோவுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ‘‘தொடாதேடா, கை அழுக்கு’’ என்பார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்துப் போனேன். பீரோவில் பேரனின் கிரிக்கெட் கோப்பைகள். ஆல்பம் பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருந்தது.

‘‘என்ன பெரியம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?’’ என்றேன்.

‘‘எனக்கென்னடா தெரியும்? இது இன்னதுன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் பக்கத்துல உட்கார வெச்சுக் காட்டியிருப்பாரா அந்த மனுஷன்?’’

அவள் கண்ணில் தண்ணீர். போனது ஸ்டாம்ப் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

உயில், நோட்டுப் புத்தகம் எல்லாம் அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வருஷம் ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டு, நாற்பத்தோராவது வருஷம் ‘காப்பாற்று’ என்றால் யார் காப்பாற்றுவார்கள்? வாரிசு வேண்டுமானால், பையன் கையில் கன்ட்ரோலரைக் கொடுக்க வேண்டும். ரெண்டு எஞ்சினை மோதுவான். மோதட்டுமே! மோதினவனுக்குத்தான் ரிப்பேர் பண்ணத் தோன்றும். அவனுக்கு ஆசையே வரவில்லையா, அதுவும் நல்லதே. ஆசைப்படுகிற வேறு வீட்டுப் பையனைத் தேட நமக்கு நாள் இருக்கும்.

இதை எழுதி முடித்த கையோடு, கேசட் அலமாரி முன்னால் மனைவியை உட்கார வைத்து, ஒவ்வொன்றும் என்ன, எங்கே வாங்கினது, நிஜமாக என்ன விலை என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

விளைவை அடுத்த வாரம் எழுதுகிறேன். எழுதும் நிலையில் இருந்தால்.