பிள்ளை போகாத பள்ளிக்கூடத்துக்குத் தவணை



இதழ் மூன்று மாதம் பிந்தி வருகிறது. வழக்கமாகச் சொல்லும் காகித விலை, அச்சகத் தாமதம் எதுவும் இந்த முறை காரணமில்லை. அச்சகத்துக்கு முன்பணமாக வைத்திருந்த 11,000 ரூபாயை நான் எடுத்து ஒரு வசூல் கம்பெனிக்குக் கட்டினேன். ஆசிரியர் குழுவில் இரண்டு பேருக்கு முன்னாடியே தெரியும். மற்றவர்களுக்குக் கட்டிய பிறகுதான் சொன்னேன். உங்கள் சந்தாப் பணம் அது. கணக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. கணக்கோடு சேர்த்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா எனக்குப் பெரியம்மா மகள். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை. சம்பளம் பத்தாயிரத்துச் சொச்சம். மாமா திருப்பூரில் பெயிண்ட் வேலை, பணம் வந்தால் வரும், வராட்டி இல்லை. மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. காலை ஏழு மணிக்கு டூட்டிக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் விடுவார்கள். அங்கன்வாடி அதற்குள் பூட்டிக் கிடக்கும். பூட்டின கதவுக்கு முன்னாடி பிள்ளையை உட்கார வைத்துவிட்டு யார் ஆஸ்பத்திரி தரையைத் துடைப்பது? அதனால் பக்கத்துத் தெரு ப்ளே ஸ்கூலில் சேர்த்தாள். ஏழு மணி வரைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். வருசத்துக்கு 42,000.

மொத்தமாகக் கட்ட முடியாது என்றதும் பள்ளிக்காரர்களே ஒரு வழி சொன்னார்கள். "மாசா மாசம் 3,500 கட்டினா போதும்மா, வட்டி கிடையாது." அக்காவின் போனை வாங்கி, ஆதார் எண் போட்டு, ஓ.டி.பி. கேட்டு, பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்கள். அவள் பள்ளிக்கூடத்துக்குத் தவணை கட்டுகிறோம் என்று நினைத்தாள். உண்மையில் அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன். கம்பெனி முழு வருசப் பணத்தையும் அன்றைக்கே பள்ளிக்குக் கொடுத்துவிட்டது, தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு. இந்த இடத்தை நம் பிள்ளைகள் பலரும் கவனிப்பதில்லை, மாணவத் தோழர்கள் உட்பட. கோச்சிங் சென்டர், கம்ப்யூட்டர் கோர்ஸ் எல்லாவற்றிலும் இப்போது இதுதான் நடக்கிறது. படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. பணம் வாங்கியவன் ஒருத்தன், கேட்டு வருகிறவன் இன்னொருத்தன்.

ஆறு தவணை ஒழுங்காகப் போனது. ஏழாம் மாதம் ஒப்பந்தக்காரர் அக்காவை நைட் டூட்டிக்கு மாற்றினார். பகலில் பார்த்துக்கொள்ளும் பள்ளி ராத்திரி வேலைக்காரிக்கு எதற்கு? பிள்ளையை ஊரில் பெரியம்மாவிடம் கொண்டுபோய் விட்டாள். மீதிப் பணத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பள்ளியில் "கம்பெனிகிட்ட பேசுங்க" என்றார்கள். கம்பெனியில் "ஸ்கூல்கிட்ட பேசுங்க" என்றார்கள். இதற்குள் சம்பளமும் இரண்டு மாதம் நின்றது. மூன்று தவணை திரும்பியது. திரும்பின ஒவ்வொன்றுக்கும் கம்பெனி 590 ரூபாய் போட்டது. வங்கி தன் பங்குக்குத் தனியாகப் பிடித்தது. பிடித்த வங்கி நான் வேலை செய்கிற வங்கிதான். ஆளில்லாத வீட்டுக்கு வரி மாதிரி, பிள்ளை போகாத பள்ளிக்கூடத்துக்குத் தவணை.

இனி என் பங்கு. படிவத்தில் "தெரிந்தவர்" என்ற இடத்தில் அக்கா என் நம்பரைக் கொடுத்திருந்தாள். நான் ஜாமீன் போடவில்லை, கையெழுத்துப் போடவில்லை, வெறும் நம்பர். ஒரு பென்ஷன் நாளில், கவுண்டருக்கு முன்னால் நாற்பது பேர் நிற்கும்போது போன் வந்தது. இன்னாருடைய தம்பிதானே நீங்கள், பேங்கில்தானே வேலை, அக்கா கடன் வாங்கி ஏமாத்தறது தெரியாதா என்று ஒரு பெண் குரல். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன்: "ராங் நம்பர்ங்க. அப்படி யாரையும் எனக்குத் தெரியாது."

எழுதி வைக்கிறேன், இருக்கட்டும். மேடையில் கவிதை வாசிக்கும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் குரல் வரவில்லை. எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள்.

நான் தெரியாது என்றதால்தான் அவர்கள் ஆளை வீட்டுக்கு அனுப்பினார்களா என்று தெரியவில்லை. மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு பையன் வந்து நின்றான். அக்கா டவுனில் எடுத்திருந்தது ஒரு போர்ஷன். வீட்டுக்காரம்மா சாதி கேட்கவில்லை, "சொந்த ஊர் எது, சாமி எது" என்று மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டார். அக்கா சாமர்த்தியமாகப் பதில் சொல்லித் தப்பித்திருந்தாள். டவுனில் வீடு தேடிய நம்மாளுங்க எல்லோருக்கும் இந்தப் பரீட்சை தெரியும். அந்தப் பையன் கேட்டுக்கு வெளியே நின்று, செல்போனைப் பார்த்துப் பேரையும் ஆதாரில் இருக்கிற விலாசத்தையும் சத்தமாகப் படித்தான். ஊர்ப் பேர், அதற்கப்புறம் "காலனி". திட்டவில்லை. சாதிப் பேர் சொல்லவில்லை. விலாசம் மட்டும் படித்தான், இரண்டு தடவை.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார், ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாக ஆகிவிட்ட "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று. நாமும் வரவேற்றோம். அக்காவின் ஆதாரில் அது இருந்தது. கேட்டுக்கு வெளியே அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சாயங்காலமே வீட்டுக்காரம்மா சொன்னார், "பெயிண்ட் அடிக்கணும், அடுத்த மாசம் காலி பண்ணிடும்மா."

வழக்குப் போடலாமா என்று வக்கீல் தோழரிடம் கேட்டேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. பொதுப் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி வைதால் குற்றம். ஆனால் விலாசம் படிப்பது வைதலா? நாலு சுவருக்குள் வெளியாள் யாரும் இல்லாதபோது நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்லியிருக்கிறது. போனில் காதுக்குள் ஓதுவதைப் பற்றி அதற்குமேல் யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொன்னார்: நம் சாதிகளைச் சேர்ந்தவர் மேலேயே இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. விசாரித்ததில் அந்தப் பையன் பக்கத்து ஊர். டிப்ளமோ முடித்தவன். நம்ம பையன். வசூலானால்தான் அவனுக்குக் காசு. அவன் ஆதாரிலும் அதே சொல் இருக்கும். படியாளை அடிக்க இன்னொரு படியாளை அனுப்பின பண்ணையார்கள் செத்துப்போய்விட்டார்கள் என்று யார் சொன்னது?

ஆனால் எல்லாக் கதவும் மூடியிருக்கவில்லை. வங்கியில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தெரிந்ததை முதல் நாளே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. கடன்காரரைக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. பலர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், படிவத்தில் "தெரிந்தவர்" என்று பேர் கொடுக்கப்பட்டவர்கள், இவர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. முகவர் செய்வதற்கு நிறுவனமே பொறுப்பு. குழுக் கடனுக்கு, அதாவது மைக்ரோ ஃபைனான்சுக்கு, விதி இன்னும் கடுமை: காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் கூடாது. பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல். அங்கே அடுத்தடுத்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கே வரலாம். 2024 ஏப்ரல் முதல் அபராத வட்டி என்று போட்டு அதற்கு மேல் வட்டி ஏற்றக் கூடாது. 2024 அக்டோபர் 1-இலோ அதற்குப் பிறகோ கொடுத்த கடன் என்றால், வட்டி, கட்டணம் எல்லாம் விளக்கிய தாளைக் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தந்திருக்க வேண்டும். அக்காவுக்கு வந்தது இங்கிலீஷில் பதினெட்டுப் பக்கம், போனில். கடன் கட்டாதது மட்டுமே ஜெயிலுக்குப் போகும் குற்றமில்லை. ஆனால் தானியங்கித் தவணை திரும்பினால், செக் திரும்பினதுபோல, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குப் போட வழி இருக்கிறது. அதனால் நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள், வக்கீலிடம் காட்டுங்கள்.

அக்காவும் நானும் உட்கார்ந்து தமிழில் கடிதம் எழுதினோம். எந்தத் தேதி எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், எந்தக் காலையில் யார் வந்தார், என்ன படித்தார், விளக்கத் தாள் எங்கே. என் கவுண்டருக்கு வந்த போனையும் சேர்த்தோம். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பி, முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் போவோம் என்று எழுதினோம். அவரிடம் புகார் செய்யக் காசு கிடையாது. இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. வருத்தமாம். திரும்பின கட்டணங்கள் தள்ளுபடி. ஆள் வரமாட்டார். ஆனால் மூன்று மாதப் பாக்கி 10,500-ஐ உடனே கட்ட வேண்டும், மீதி மூன்று தவணை மாதாமாதம். கடன் கடன்தான். அங்கேதான் உங்கள் 11,000 போனது. மிஞ்சின ஐந்நூறில் அவள் கணக்கில் வங்கி பிடித்ததில் கொஞ்சம் அடைத்தேன்.

நம் இயக்கத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கந்துவட்டி என்றால் நாம் உடனே கூடிவிடுகிறோம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் இரண்டு பெண் குழந்தைகளோடு ஒரு குடும்பமே எரிந்தபோது தெருவுக்கு வந்தோம். 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வாங்குகிற கடனை மட்டும் நாம் "வீட்டு விசயம்" என்று ஒதுக்குகிறோம். கூட்டத்துக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்கிற தோழர், தன் பிள்ளையை அந்நேரம் யார் வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்வதில்லை. (நானும்தான்.) ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் பேறுகால நலச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. அக்காவின் ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், வார்டு ஆள், துப்புரவு எல்லாம் சேர்த்தால் இருநூறுக்குக் குறையாது. காப்பகம் எங்கே என்று ஒரு மனுக்கூட யாரும் போட்டதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடமும் ஒன்றாம் வகுப்பே இல்லாத ப்ளே ஸ்கூலைத் தொடாது. அங்கன்வாடியை ஏழு மணி வரை திறந்து வை, அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு அதற்கான சம்பளத்தைக் கொடு என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தால் என்ன? அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

பிள்ளை ஊரில் பெரியம்மாவிடம் இருக்கிறாள். அங்கன்வாடிக்குப் போகிறாள். அக்கா ஞாயிற்றுக்கிழமை காலை டூட்டி முடிந்து நேராகப் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறாள். தூக்கக் கண்ணோடு போவதால் பாதி நேரம் பிள்ளை பக்கத்திலேயே தூங்கிவிடுகிறாளாம்.

11,000-ஐ என் சம்பளத்திலிருந்து இரண்டு மாதமாக அச்சகத்துக்குக் கட்டிவிட்டேன். ரசீது ஆசிரியர் குழுவிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். சந்தா உயரவில்லை.

அக்கா இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மூவாயிரத்துக்குள் ஒரு போர்ஷன் இருந்தால் எழுதுங்கள். பிள்ளையையும் கூட்டிவந்து வைத்துக்கொள்கிற மாதிரி, ராத்திரி துணைக்கு ஆள் இருக்கிற வளவாக இருந்தால் நல்லது. இந்த முறை ஊர், சாமி என்று சுற்றி வளைக்கப் போவதில்லையாம். "மொதல்லயே சொல்லிட்டுக் கேக்கறன்டா தம்பி, இஷ்டம்னா குடுக்கட்டும்" என்று இதை எழுதும்போது பக்கத்தில் நின்று சொல்கிறாள்.