கையெழுத்து இருக்கு, ஆள் எங்கே?

இங்கிலாந்து வைத்தியசாலையில் கிடந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மணிக்கொரு தடவை தாதி ஒருவர் வந்து, நோ இருக்கா, டொய்லட் போகவேணுமா, தண்ணி கைக்கெட்டுதா என்று கேட்டு, தாளில் கையெழுத்து வைப்பார். 2012 ஜனவரியில் அப்போதைய பிரதமர் டேவிட் கமரூன் ஆரவாரமாக முன்வைத்த ‘நல்ல நடைமுறை’ இது. கொஞ்சக் காலத்திலேயே நாடு முழுக்கப் பரவிவிட்டது.

பலன் இருந்ததா? லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் தலைமையிலான மதிப்பீடு 2019இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் பெரிய என்.எச்.எஸ் வைத்தியசாலை நிர்வாகங்களில் 97 சதவீதம் ஏதோ ஒரு வடிவில் இதைச் செய்துகொண்டிருந்தன. ஆனால் நோயாளருக்கு நன்மை என்பதற்கான ஆதாரம் பலவீனம். கவனிப்பதைவிடத் தாளை நிரப்புவதே முன்னுக்கு வந்திருந்தது. இதில் தாதியரைக் குறை சொல்ல என்ன இருக்கு? வார்டில் ஆள் இல்லாதபோது கையெழுத்துத்தான் அவர்களுக்குக் காப்பு.

ஆள் பற்றியும் ஒரு வழிகாட்டல் வந்தது, அதைத்தான் மறந்துவிட்டோம். மிட் ஸ்ரஃபோர்ட்ஷயர் வைத்தியசாலை அவலத்தை விசாரித்த அறிக்கை 2013இல் வந்த பிறகு, என்.எச்.எஸ்ஸுக்கு வழிகாட்டல் எழுதும் நைஸ் நிறுவனம் 2014 ஜூலையில் சொன்னது: பகலில் ஒரு தாதிக்கு எட்டுப் பேருக்கு மேல் போனால் ஆபத்து கூடும். அதே வருடம் லான்செட் இதழில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 வைத்தியசாலைகளை ஆராய்ந்த கட்டுரை. தாதி ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினால், சத்திரசிகிச்சை செய்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது.

பிறகு? ஏனைய பிரிவுகளுக்கும் அப்படி எழுதிக்கொண்டிருந்த வேலையை 2015 ஜூனில் என்.எச்.எஸ் இங்கிலாந்து நிறுத்தச் சொன்னது. தாதியைக் கண்காணிக்கும் தாளுக்குச் செலவில்லை, அது ஓடிப் பரவும். முதலாளியிடம் சம்பளக் காசு கேட்கும் தாள் லாச்சிக்குள் போகும். எங்கட அம்மாமார், மச்சாள்மார் கனபேர் வேலை செய்யிற இடங்கள் இவை.

வேல்ஸ் 2016இலேயே தாதியர் எண்ணிக்கைக்கென்று சட்டம் கொண்டுவந்தது. ஒரு தாதிக்கு இத்தனை நோயாளர் என்று அது வரையறுக்கவில்லை, ஆனால் எத்தனை தாதியர் தேவை என்று நிர்வாகம் கணக்கிட்டே ஆகவேண்டும். இங்கிலாந்தில் அதுகூட இல்லை.

நேர்ஸிங் படிக்கிற தோழர்களே, பயிற்சி வார்டில் அடுத்த மதிப்பீட்டுப் படிவம் கைக்கு வந்தால் முதலில் ஒன்றைப் பாருங்கோ: அன்றைக்கு எத்தனை பேர் வேலையில் நின்றார்கள் என்று எழுத அதில் இடம் இருக்கா? இல்லாவிட்டால் யூனியன் பிரதிநிதியிடம் கேளுங்கோ. எங்களுக்கும் எழுதுங்கோ.