யார் போய் அளந்தது?

தொலைதூரக் குவாசர் (கருந்துளையைச் சுற்றிப் பேரொளி வீசும் திரள் மையம்) ஒன்றைப் பற்றிச் செய்தி வந்தால் போதும். குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து கல்லூரி ஆசிரியர் அறை வரை ஒரே பேச்சுதான்: "இருநூறு கோடி ஒளியாண்டாம்! யார் போய் அளந்தது? எல்லாம் குத்துமதிப்பு." படித்தவர்களே இப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. கேள்வி நல்ல கேள்வி. ஆனால் பதிலைத் தேடி ஓர் அடிகூட எடுத்து வைக்காமல், பதிலே கிடையாது என்று தீர்ப்பு எழுதுவது சோம்பேறித்தனம்.

கன்னி விண்மீன் குழுவில் உள்ள 3சி 273 என்ற குவாசரையே எடுத்துக்கொள்வோம். 1962இல் நிலா அதை மறைத்துக் கடந்தபோது, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி மூலம் சிரில் ஹசார்டு குழுவினர் அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். (ஊட்டி முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் நம் ரேடியோ தொலைநோக்கியும் இதே நிலா மறைப்பு முறைக்காகக் கட்டப்பட்டதுதான்.) பாலோமர் தொலைநோக்கியில் எடுத்த அதன் நிறமாலையின் புதிரை 1963 பிப்ரவரியில் மார்ட்டன் ஷ்மிட் அவிழ்த்தார். 486 நானோமீட்டரில் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு 563க்கு நகர்ந்திருந்தது. மற்ற ஹைட்ரஜன் கோடுகளின் அலைநீளமும் அதே விகிதத்தில், சுமார் 16 விழுக்காடு நீண்டிருந்தது.

கோடுகள் இப்படிச் சிவப்புப் பக்கம் நகர்வதுதான் செம்பெயர்ச்சி. அதைத் தொலைவாக மாற்ற, பேரண்டம் விரியும் வேகம் தெரிய வேண்டும். சந்தேகத்துக்கு நியாயமான இடம் இங்கேதான் இருந்தது. குவாசர்கள் அருகில்தான் உள்ளன, செம்பெயர்ச்சிக்குக் காரணம் வேறு என்று ஹால்டன் ஆர்ப் பல ஆண்டுகள் வாதாடினார். அவர் வானத்தைப் படமெடுத்து, ஆதாரம் காட்டி வாதாடியவர்; அவரை மதிக்கிறேன். அவருக்கான பதிலும் வானத்திலிருந்தே வந்தது. 1979இல் ஒரே குவாசர் இரட்டையாகத் தெரிவதைக் கண்டுபிடித்தார்கள். நடுவில் நிற்கும் ஒரு விண்மீன் திரளின் ஈர்ப்பு அதன் ஒளியை வளைத்து இரண்டு பிம்பங்களாகக் காட்டுகிறது. ஒரு பிம்பத்தில் ஏற்படும் ஒளி ஏற்ற இறக்கம் 417 நாள் கழித்து மற்றதிலும் அப்படியே தெரிகிறது. குறுக்கே நிற்கும் திரளின் செம்பெயர்ச்சி 0.36, குவாசருடையது 1.41. திரளுக்குப் பின்னால் குவாசர் இல்லையென்றால் இந்த இரட்டைப் பிம்பமே உண்டாகாது.

சரி, விரிவு வேகத்தையே நம்ப மாட்டேன் என்கிறீர்களா? அது இல்லாமலும் அளந்திருக்கிறார்கள்.

3சி 273இன் மையத்தில் உள்ள கருந்துளையைச் சுற்றி வாயு மேகங்கள் சுழல்கின்றன. மையம் பிரகாசமானால் மேகங்கள் உடனே பிரகாசமாவதில்லை. ஒளி அங்கே போய்ச் சேர வேண்டுமே. ஆண்டுக்கணக்கில் இரவிரவாகக் குறித்து வைத்துப் பார்த்ததில் அந்தத் தாமதம் சுமார் 150 நாள். ஆக, மேக வளையத்தின் ஆரம் 150 ஒளிநாள். அதே ஆரம் வானத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைச் சிலி நாட்டின் பரனால் மலையில் உள்ள நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளை இணைக்கும் கிராவிட்டி கருவி அளந்தது. நிலாவில் கிடக்கும் விரல் நீளப் பொருள் ஒன்று இங்கிருந்து எந்தக் கோணத்தில் தெரியுமோ, ஏறத்தாழ அந்தக் கோணம்! உண்மை அளவும் தோற்ற அளவும் கிடைத்தபின் மிச்சம் இருப்பது, பத்தாம் வகுப்பில் 'உயரங்களும் தொலைவுகளும்' என்று நடத்துகிற முக்கோணவியல்தான். 2020இல் வெளியான விடை, சுமார் 180 கோடி ஒளியாண்டு. சுமார் 15 விழுக்காடு முன்பின் இருக்கலாம் என்று அளந்தவர்களே சேர்த்து எழுதினார்கள். செம்பெயர்ச்சி வழியே இதே வகைத் தொலைவைக் கணக்கிட்டாலும் இந்த வரம்புக்குள்தான் விழுகிறது. நமக்கு அருகிலுள்ள மெசியே 106 திரளில், கருந்துளையைச் சுற்றும் நீராவியின் ரேடியோ அலைகளைக் கொண்டு அளந்தபோது பிழை 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. குத்துமதிப்பு சொல்பவர் யாராவது தன் பிழையை இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டியதுண்டா?

"ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே" என்பது அடுத்த குற்றச்சாட்டு. 3சி 273க்கு 180, 200, 240 கோடி என்று மூன்று எண்கள் புழங்குவது உண்மை. தோற்ற அளவை வைத்துச் சொன்னால் 180. ஒளி பயணம் செய்த ஆண்டுகளைச் சொன்னால் சுமார் 200. ஒளி எவ்வளவு மங்கி வந்தது என்பதை வைத்துச் சொன்னால் 240. ஒளி வந்துகொண்டிருந்த காலம் முழுக்க வெளியும் விரிந்துகொண்டே இருந்தது. விரியாத வெளியில் மூன்றும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

இதில் குற்றவாளி வானியல் அல்ல. மூன்றில் எது என்று சொல்லாமல், பிழை வரம்பையும் வெட்டி எறிந்துவிட்டு, மொட்டையாக ஓர் எண்ணைத் தலைப்பில் போடும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும்தான் ஏளனத்துக்குத் தீனி போடுகின்றன. எந்த முறையில் அளந்தது, எந்த வகைத் தொலைவு, பிழை எவ்வளவு என்று சேர்த்து அச்சிட ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை வாசகருக்குத் தர மறுக்க எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை.