கண்டுபிடிக்கப்பட்டவர்களின் சுற்றுலா

ஒரு வாக்கியத்தில் யார் செயப்பட்டார், யார் விடுபட்டார் என்று ஆராயப் பயின்றவர்கள், விடுமுறை நாளில் அந்தப் பயிற்சியை விடுதி அறையிலேயே பூட்டிவைத்துவிட்டுப் புறப்படுகிறார்கள். கருத்தரங்குக்காக ஐரோப்பா செல்லும் இந்திய ஆய்வு மாணவர்கள் லிஸ்பன் நகரில் கழிக்கும் ஒரு நாளே இதற்குச் சான்று.

அந்த நாளின் நிரல் ஏறத்தாழ மாறுவதில்லை. நண்பர்கள் நால்வரோ ஐவரோ 15ஆம் எண் டிராமில் ஏறிப் பெலேம் பகுதியில் இறங்குகிறார்கள். ஜெரோனிமோஸ் மடாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, டேகஸ் ஆற்றங்கரையில் பெலேம் கோபுரம், இடையில் பட்டைத்தூள் தூவிய முட்டைப் பலகாரம், இறுதியாக 56 மீட்டர் உயரத்தில் நிற்கும் 'கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம்'. மாலையில் ஒளிப்படங்கள் வலையேறுகின்றன: 'கண்டுபிடிப்புகளின் நகரில் நண்பர்களோடு ஒரு நாள்'.

நண்பர்களோடு ஊர் சுற்றுவதில் குற்றம் ஏதுமில்லை. குற்றம் அந்தத் தலைப்பில் இருக்கிறது.

'கண்டுபிடித்தார்' என்னும் வினை வெளிப்படச் சொல்லாத செய்தி ஒன்றையும் சுமந்து வருகிறது: கண்டுபிடிக்கப்பட்டது அதுவரை அறியப்படாமல் இருந்தது என்பதே அது. அறியப்படாதது யாருக்கு? தமிழில் 'தெரியும்' என்னும் வினை நான்காம் வேற்றுமையை வேண்டி நிற்பது. 'எனக்குத் தெரியும்', 'அவர்களுக்குத் தெரியாது' என அறிபவர் 'கு' உருபு ஏற்றே வருகிறார். 'கண்டுபிடித்தார்' அந்தக் 'கு'வைக் கேட்பதே இல்லை. கண்டதும் பிடித்ததும் என்று சொல்லைப் பிளந்து சிலேடை செய்வது எளிது. ஆனால் கூட்டுவினையின் பொருள் அதன் உறுப்புகளின் கூட்டுத்தொகையாக அமைவதில்லை என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். சிக்கல் சொற்பிறப்பில் இல்லை, விடுபட்ட வேற்றுமையில் இருக்கிறது.

அந்த வேற்றுமையை நிரப்பிப் பார்த்தால் வரலாறு வேறாகத் தெரியும். 1497 ஜூலையில் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் 1498 மே மாதம் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து அவற்றை இட்டு வந்தவர், அங்கே அமர்த்தப்பட்ட ஒரு மாலுமி. அரபு, குஜராத்தி வணிகர்கள் பல நூற்றாண்டுகளாகப் பருவக்காற்றைக் கணித்துச் சென்று வந்த நீர்ப்பரப்பு அது. கோழிக்கோட்டில் கரையிறங்கிய முதல் ஆளை எதிர்கொண்டவர்கள், காஸ்திலிய மொழியும் ஜெனோவா மொழியும் பேசத் தெரிந்த தூனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவர் என்று அப்பயணத்தின் நாட்குறிப்பே பதிவு செய்திருக்கிறது. 'கண்டுபிடிக்கப்பட்ட' கரைக்கு, கண்டுபிடித்தவர்களின் அண்டை வீட்டு மொழி முன்பே தெரிந்திருந்தது.

'கண்டுபிடித்தது நாட்டையல்ல, கடல்வழியைத்தானே?' என்னும் வாதம் உடனே எழும். அதில் பாதி உண்மை உண்டு. 1488இல் பார்த்தலோமேயு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியதும், அவ்வழியை வாஸ்கோ ட காமா இந்தியா வரை நீட்டியதும் பெரும் கடற்சாதனைகளே. ஆனால் அது ஐரோப்பியருக்குப் புதிய வழி. அந்தக் 'ஐரோப்பியருக்கு' என்னும் ஒரு சொல்லைச் சேர்க்க மறுப்பதற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. அச்சொல் வந்துவிட்டால் கூடவே பிற கேள்விகளும் வரும். 1502இல் அதே மனிதர் மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலை ஆட்களோடு எரித்ததைப் பற்றி அந்தக் கல்லறை ஏன் பேசவில்லை? ஆப்பிரிக்க, கீழைநாட்டு வணிகத்தின் மீது விதித்த 5 விழுக்காட்டு வரியில் எழுந்த மடாலயத்தில், மிளகு விளைத்தவர்களுக்கு என்ன இடம்?

'விருந்தினராகச் சென்ற ஊரின் மரபை மதிக்க வேண்டாமா?' என்பது அடுத்த வாதம். எந்த மரபு? அந்த நினைவுச்சின்னம் 1940ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகத் தற்காலிகமாக எழுப்பப்பட்டு, 1960இல் நிலையான வடிவில் மீண்டும் கட்டப்பட்டது. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் பலரைவிட அது வயதில் இளையது. கட்டியது சலாசாரின் சர்வாதிகார அரசு. அந்த ஆண்டில் கோவா இன்னும் அதன் ஆட்சியில்தான் இருந்தது. போர்ச்சுகலிலேயே அந்தச் சொல் இன்று வழக்குக்குரியது. லிஸ்பனில் 'கண்டுபிடிப்புகளின் அருங்காட்சியகம்' அமைக்கும் திட்டம் வந்தபோது, அந்தப் பெயரை எதிர்த்து 2018இல் நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்றாய்வாளர்களும் சமூக அறிவியலாளர்களும் திறந்த மடல் வெளியிட்டனர். அந்நாட்டு அறிஞர்களே சொல்லத் தயங்கும் சொல்லைக் கோழிக்கோட்டுக் கடலுக்கு இப்புறத்திலிருந்து சென்றவர்கள் பெருமிதத்தோடு பதிவிடுவதற்கு மரியாதை என்று பெயரில்லை.

தமிழ் ஆய்வாளர்கள் இழப்பது இன்னும் அதிகம். 1554இல் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சேறியது: தமிழும் போர்ச்சுகீசியமும் கொண்ட 'கார்த்தில்யா'. தமிழ்த் தொடர்கள் உரோமன் எழுத்தில் அமைந்த அதுவே தமிழ்மொழியில் அச்சான முதல் நூல். அதை ஆக்கித் தந்தவர்கள் லிஸ்பனில் வாழ்ந்த இந்தியர் மூவர். அறியக் கிடைக்கும் பெயர்கள் வின்சென்ட் த நாசரெத், ஜோர்ஜ் கார்வால்யோ, தொமே த குரூஸ். மதம் பரப்பும் பணிக்காக உருவான நூல் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் அவர்கள் தங்கள் மொழியை அந்த நகரத்துக்குக் கற்பித்தவர்கள். அந்நூலின் படி, தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. அந்த அருங்காட்சியகத்தின் இல்லம் ஜெரோனிமோஸ் மடாலயக் கட்டடத்தின் ஒரு பகுதி. கொச்சியில் 1524இல் இறந்து, அங்கே புதைக்கப்பட்டு, 1539இல் போர்ச்சுகலுக்குக் கொண்டுவரப்பட்டவரின் கல்லறைக்கு வரிசையில் நிற்பவர்கள், அதே கட்டடத்தில் அந்த மூவரைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

'ஒரு நாள் உல்லாசத்துக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?' என்போர் உண்டு. படத்தின் கீழ் எழுதும் சொல் படத்தோடு முடிந்துவிடுவதில்லை. 'இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் யார்?' என்னும் ஒரு மதிப்பெண் வினாவைப் பள்ளியில் எழுதித் தேறியவர்கள்தாம் இன்று ஆய்வாளர்கள். நாளை அவர்களே பாடநூற்குழுவில் அமர்வார்கள், வினாத்தாள் தயாரிப்பார்கள். விடுமுறையில் கேட்காத கேள்வியைக் குழு அறையில் கேட்பார்கள் என்று நம்ப இடமில்லை.

பெலேமுக்குச் செல்லட்டும். கோபுரத்தைப் பார்க்கட்டும், பலகாரத்தை உண்ணட்டும், அதன் மேல் தூவிய பட்டைக்காக இலங்கைக் கரையில் என்ன நடந்தது என்றும் பேசிக்கொள்ளட்டும். பதிவிடும்போது 'போர்ச்சுகீசியர் வருகை' என்று எழுத ஒரு நொடி போதும். 'கண்டுபிடிப்பு' என்றே எழுதத் தோன்றினால், யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதட்டும்.