போகத்துக்கு வரும் காசும் கிழமைக்குப் போகும் கடனும்

கல்முனையில் பல கடைகளில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று எழுதிய அட்டை தொங்குகிறது. அதே கடையின் மேசை லாச்சிக்குள் கடன் கொப்பியும் இருக்கிறது. அட்டையும் உண்மை, கொப்பியும் உண்மை. இவ்விரண்டுக்கும் நடுவிலேதான் நமது குடும்பங்கள் வாழ்கின்றன.

“வரவுக்கேற்ப செலவு செய்யுங்கள், சிக்கனமாயிருங்கள்” என்று ஏழைகளுக்குப் புத்தி சொல்லுவது இலகு. நாமும் பல கூட்டங்களில் அப்படிச் சொல்லியிருக்கின்றோம். ஆனால் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் தாய்மாரோடு உட்கார்ந்து கணக்கைப் பார்த்தபோது நமது புத்திமதியின் குறை நமக்கே தெரிந்தது. அந்தக் கணக்குகளில் ஊதாரித்தனம் அதிகம் இல்லை. நாம் கண்டது காலப் பொருத்தமின்மை.

இந்தக் கரையோரத்தில் காசு எப்படி வருகிறது என்று பாருங்கள். வயற்காரருக்குப் பெரும்போகம், சிறுபோகம் என்று ஆண்டில் இரு முறைதான் நெல் வீட்டுக்கு வரும். வடகீழ்ப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் மீனவர் வீட்டில் அடுப்பு எரிவது கடினம். மருதமுனைத் தறிகாரருக்குப் பெருநாட்காலத்தில் வேலை கூடும், பின்னர் குறையும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் பணமும் ஒப்பந்தம் முடிந்தால் நின்றுவிடும். ஆனால் வாசலுக்கு வரும் நுண்கடன் ஒவ்வொரு கிழமையும் திருப்பிக் கேட்கிறது. போகத்துக்கு வருகின்ற காசைக்கொண்டு கிழமைக்குப் போகும் கடனை எப்படிக் கட்டுவது? ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பதுதான் வழியாகிறது.

நாம் சந்தித்த ஒரு தாய் மூன்று நிறுவனங்களில் கடன் எடுத்திருந்தார். முதலாவது, சிறிய கடையொன்று போட. இரண்டாவது, முதலாவதைக் கட்ட. மூன்றாவது, இரண்டையும் கட்ட. குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்பதால் அயலவர் முகத்தைப் பார்க்கவே கூசினார். “வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை, அவர் கோபிப்பார்” என்றார். காசு இல்லாததை விட, காசைப்பற்றி வாய் திறக்க முடியாததே அவரை அதிகம் வாட்டியது.

வட்டியின் கணக்கையும் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஐம்பதாயிரம் ரூபா கடன், ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டி என்கிறார்கள். வட்டி 12,000 ரூபாவையும் சேர்த்து 62,000 ரூபாவை 52 கிழமைகளாகப் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. பார்வைக்குச் சிறிய தொகைதான். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்து வருகின்றோம். ஆண்டு முழுவதையும் எடுத்துப் பார்த்தால் சராசரியாக நமது கையில் இருப்பது பாதி முதல்தான். வட்டியோ முழு முதலுக்கும் போகிறது. எனவே உண்மையான வட்டி நூற்றுக்கு நாற்பதைத் தாண்டிவிடும். 2018 இல் மத்திய வங்கி உரிமம் பெற்ற நிறுவனங்களின் நுண்கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என்ற உச்சவரம்பை விதித்தது. நமது உதாரணக் கடன் அந்த வரம்பையே மீறிவிடும். அதே ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு கடன் நிவாரணமும் அறிவித்தது. வரம்பும் நிவாரணமும் தேவைப்பட்டதே, பிழை ஏழைகளிடம் மட்டும் இல்லை என்பதற்குச் சான்றாகும்.

அத்தோடு இக்கரை பட்ட அடிகளையும் மறக்கலாகாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வயற்காரர் நொந்தனர். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு 70 ஆனது. அப்போது பல பெண்களின் தாலிக்கொடியும் வளையலும் அடகுக்குப் போயின.

இனி, நாம் பேசத் தயங்கும் விடயத்துக்கு வருவோம். அது சீதன வீடு. மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கு வந்து குடியேறுவது இக்கரையின் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான வழக்கம். அக்கரைப்பற்றை ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியுள்ளார். இவ்வழக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. வீடு பெண்ணின் பெயரில் இருப்பது அவளுக்குப் பலம். ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகளில் பலவற்றின் உறுதி ஆண்களின் பெயரில் எழுதப்பட்டபோது அந்தப் பலத்தை இழந்த பெண்களும் உண்டு. ஆனால் மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடுகள். அதற்கு மேல் கைக்கூலி, நகை, விருந்து. அயல்வீட்டின் மாடியைப் பார்த்து நாமும் மாடி எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் எந்தப் போகமும் போதாது. வீடு வேண்டும், வீம்பு வேண்டாம் என்பதே நமது கருத்து. ஓர் அறையும் குசினியும் கட்டிக் குடியேற்றி, மற்றதைக் காசு வரவரக் கட்டுவது மானக்கேடல்ல. வாப்பாவும் உம்மாவும் வயதுபோன காலத்தில் கடன்காரரைக் கண்டு பின்கதவால் போவதுதான் மானக்கேடு.

கடன் விடயத்தில் இக்கரை மக்களின் மார்க்கம் தெளிவாகவே பேசுகிறது. இஸ்லாம் வட்டியை விலக்கியுள்ளது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் ஒருவர். ஜனாஸாவின்போது, இறந்தவர் யாருக்காவது கடன் கொடுக்கவேண்டியிருந்தால் குடும்பத்தாரிடம் தெரிவிக்கும்படி கேட்பது நாம் அறிந்த வழக்கம். ஏழையிடம் வட்டி வாங்காதே என்று விவிலியத்தின் யாத்திராகமமும் கட்டளையிடுகிறது. இறந்தபின் வெளிப்படையாகக் கேட்கும் கடனை, உயிரோடிருக்கும்போது வீட்டுக்குள் பேசக் கூடாதா?

ஆகவே நாம் சில காரியங்களை வேண்டிக்கொள்கின்றோம். ஒரு கொப்பி வாங்குங்கள். கணவனும் மனைவியும் கிழமையில் ஒரு நாள் அதைத் திறந்து, வந்ததையும் போனதையும் எவருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதையும் எழுதுங்கள். முதல் நாள் சண்டை வரலாம், மூன்றாம் கிழமையில் குறையும். அறுவடைக் காசு வந்ததும் அடுத்த போகத்தின் விதைக்கும் பசளைக்கும் உள்ளதை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தொடுங்கள். கடன் எடுப்பதானால் அது காசு தரும் காரியத்துக்கா, காசு தின்னும் காரியத்துக்கா என்று கேளுங்கள். மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்று கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். ஏற்கனவே சிக்கியிருப்பவர்கள் புதுக்கடன் எடுப்பதை முதலில் நிறுத்துங்கள்.

நமது பெண்கள் நெடுநாளாகவே சீட்டுக் கட்டி வருகின்றனர். பத்துப்பேர் மாதம் ஐயாயிரம் போட்டால் மாதம் ஒருவருக்கு ஐம்பதாயிரம். வட்டி இல்லை, வாசலில் நின்று சத்தம்போடுவோர் இல்லை. ஒருவரையொருவர் அறிந்தவர்களாக, சிறிய தொகையாக இருந்தால் இது நல்ல பாதுகாப்பு. பள்ளிவாசல் நிருவாகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இதற்குத் துணை நிற்கலாம். போகத்துக்கு வருமானம் பெறுவோரிடம் போகத்துக்கே தவணை கேட்கும் கடன்திட்டம் வேண்டுமென்று அவர்கள் ஒன்றுசேர்ந்து கோரலாம்.

கொப்பி எழுதுவதால் நெல்விலை கூடாது, கடலில் மீன் பெருகாது. நியாயமான விலையும் நியாயமான சட்டமும் வேண்டுமென்று கேட்பதை நாம் விடவும் கூடாது. ஆனால் தன் கணக்கைத் தானே அறிந்தவரை ஏமாற்றுவது கடினம். அந்தத் தாயும் பின்னர் தன் கணவனிடம் சொல்லிவிட்டார். அவர் கோபிக்கவில்லை. தானும் கடையில் சொல்லாமல் வைத்திருந்த கடனை அன்றுதான் எடுத்துச் சொன்னாராம்.