ஏ.சி.க்கு ஆண்டுதோறும் 'காஸ்' எதற்கு?

மார்ச் மாதம் பிறந்ததும் மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் ஏ.சி. மெக்கானிக்குகளுக்கு ஓய்வே கிடையாது. "காஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்மவர்கள் மறுபேச்சின்றிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இது வீண் செலவு என்பதே என் கருத்து.

காஸ், பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருளல்ல. செப்புக் குழாய்க்குள் அடைபட்டுச் சுற்றிக்கொண்டே இருப்பது. கசிவு இருந்தால்தான் குறையும். கசிவை அடைக்காமல் காஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். கசியும் இணைப்பில் பெரும்பாலும் எண்ணெய்க் கறை தெரியும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

குழாயில் பனி படிந்தாலும் உடனே காஸைச் சந்தேகிக்க வேண்டாம். ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் பனி படியும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யக்கூடிய வேலை இது. கோடைக்கு முன்பும் மழைக்காலம் முடிந்த பின்பும் காயில்களையும் தண்ணீர் வெளியேறும் குழாயையும் மெக்கானிக்கைக் கொண்டு சுத்தம் செய்தால் போதும். கடற்காற்றின் உப்பு வெளியிலுள்ள காயிலை அரிக்கும் ஊர் இது. பழுதான பின் ஓடுவதைவிடக் குறித்த தேதியில் பார்ப்பதே மேல் என்பது ரயில்வே எனக்குக் கற்றுத் தந்த பாடம்.

2020 ஜனவரி முதல் புதிய ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி மத்திய அரசு விதி செய்துள்ளது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் அமைப்பு. 26 டிகிரி வைத்து மின்விசிறியையும் போட்டுப் பாருங்கள், கம்பளி தேவைப்படாது.

நம் அறையிலிருந்து வெளியேறும் வெப்பம் எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். தாராவியின் குறுகிய சந்தில் அது எதிர் வீட்டு ஜன்னலுக்குள்தான் போகும். சொட்டும் தண்ணீர் கீழே நடப்பவர் தலையில் விழும். ஒரு நீளக் குழாய் வாங்க நமக்கு மனம் வரவில்லையே!

எல்லாவற்றிலும் முக்கியமானது மெக்கானிக்கின் உயிர். ஐந்தாம் மாடி ஜன்னலுக்கு வெளியே, ஒரு கையால் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, பெல்ட் இல்லாமல் தொங்கியபடி வேலை செய்யும் இளைஞர்களைத் தினமும் காண்கிறோம். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே? சுத்தம் செய்யும் கூலியில் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். காஸ் என்றால் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். பிறகு காஸ் என்று சொல்லாமல் அவர் என்ன செய்வார்?

ஆகவே அன்பர்களே, அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் கொண்டுவாருங்கள். கட்டிடத்துக்கென இரண்டு பாதுகாப்பு பெல்ட்டுகள் வாங்கி வைப்பதோடு, அவற்றை மாட்ட உறுதியான கொக்கிகளும் பொருத்த வேண்டும். பெல்ட் அணியாத எவரையும் வெளியே இறங்க விடக்கூடாது. வீண் காஸுக்குக் கொடுக்கும் பணத்தில் இதைத் தாராளமாகச் செய்யலாம்.